கோவை கிரைண்டர்: ஒரு வீட்டுச் சாமானின் கணக்கு

ராபர்ட் கார்டன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 2012-ல் ஒரு கேள்வி கேட்டார். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். 2002 வரைக்கும் வந்த சாமான்கள் எல்லாம் இருக்கும், குழாய்த் தண்ணீரும் வீட்டுக்குள் கழிப்பறையும் உண்டு, அதற்குப் பின் வந்தது எதுவும் கிடையாது. இது முதல் வழி. அதற்குப் பிந்தைய பத்து வருடத்துப் புதுமைகள் அத்தனையும் கைக்கு வரும், ஆனால் குழாயும் கழிப்பறையும் போய்விடும். இது இரண்டாவது. எது வேண்டும்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் நான் அம்மாவிடம்தான் கேட்டேன். எழுபத்தெட்டு வயது. போன் அவருக்கு நன்றாகவே பிடிக்கும். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசாத நாள் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தண்ணிக் குழாயத்தான் மொதல்ல எழுதுவேன். அடுத்தது கிரைண்டர். போன் இல்லீன்னா நீ பஸ் ஏறி நேர்ல வந்து பேசுவ கண்ணு, அவ்வளவுதான?”

குழாய் புரிந்தது. கிரைண்டர் என்னை யோசிக்க வைத்தது. வாஷிங் மெஷின் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது. அத்தனையும் தாண்டி ஏன் கிரைண்டர்? புதிதாக வருகிற வீட்டுச் சாமான்களில் எது நிஜமாகவே முக்கியம், எது வெறும் பரபரப்பு என்று எப்போதும் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்துக்கு இந்த ஒரு இயந்திரத்தையே எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஆட்டுக்கல்லின் முன்னால்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் ஆட்டுக்கல் பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. பாதி தரையில் புதைத்த கல். நடுவில் குழி, குழிக்குள் முழங்கை உயரத்துக்கு ஒரு குழவி. அம்மிச்சி ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை, ஓரத்தில் ஏறுகிற மாவைக் குழிக்குள் தள்ளும், இடையிடையே தண்ணீர் தெளிக்கும். குழவி சுற்றி வருவதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தள்ளிவிடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். முதல் நாளே விரல் நுனி நசுங்கியது. அழுதேன். அம்மிச்சி விரலைத் தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தார், ஏனென்றால் உளுந்து பாதியில் இருந்தது. உளுந்தை ஆட்டும்போது பாதியில் விட முடியாது.

தீபாவளிக்கு முந்தின நாள் என்றால் கணக்கே வேறு. இட்லிக்கு அரிசி, உளுந்து, வடைக்குத் தனியாக உளுந்து, பணியாரத்துக்கு ஒரு ஈடு. சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அம்மிச்சியின் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அதை அவர் உடம்பின் வாகு என்றே நினைத்திருந்தேன்.

அதனால்தான் இட்லி அன்றைக்குப் பண்டிகைச் சாப்பாடு. தீபாவளி, பொங்கல், அமாவாசை, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால். மற்ற நாட்களில் காலையில் பழைய சோறு, கம்மங்கூழ், சோளக்களி. நெல்லரிசி எல்லார் வீட்டிலும் தினமும் புழங்காத காலம் என்பது ஒரு காரணம். ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை நம் சாப்பாட்டு வரலாற்றைப் பேசுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

வசதியான வீடுகளில் ஆட்டுவதற்கென்றே ஒரு அக்கா வருவார். நெல்லாகவோ காசாகவோ கூலி வாங்கிக்கொண்டு போவார். அவரைப் பின்னால் பார்ப்போம்.

கல்லைச் சுற்று, குழவியைப் பிடி

முதல் மின் கிரைண்டரை 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் செய்தார் என்று கோவையின் தொழில் வரலாறு சொல்கிறது. அந்தப் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்கல்லில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று சுற்றுவது, இன்னொன்று தள்ளுவது. சுற்றுவதற்கு மோட்டார் போட யாருக்கும் யோசனை வரும். தள்ளுவதுதான் சிக்கல். குழவி சுற்றச் சுற்ற மாவு ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் ஆட்டுகிறவருக்கு விடுதலை பாதிதான், விரலுக்கு ஆபத்தும் கூடும்.

கிரைண்டரில் இதைத் தலைகீழாக்கினார்கள். நிற்கிற கல் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிய குழவி நின்ற இடத்திலேயே நின்றது. டிரம்மை மோட்டார் சுற்றும். குழவியை மேலே ஒரு கம்பி பிடித்துக்கொள்ளும். மாவு தானாகவே சுற்றிச் சுற்றிக் குழவிக்கு அடியில் வந்து சேரும். ஓரத்தில் ஏறுகிற மாவை, அசையாமல் நிற்கிற ஒரு பலகை வழித்து உள்ளே தள்ளும். மனிதக் கை செய்த இரண்டாவது வேலையும் தீர்ந்தது. அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்து போகலாம்.

நகர்ந்து போகலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் 1984-ல் முதல் கிரைண்டர் வந்தபோது அம்மா செய்த முதல் காரியம் இன்னும் நினைவிருக்கிறது. சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பூக்காரம்மாவிடம் பேச ஆரம்பித்தார். உள்ளே மாவு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த முதல் கிரைண்டர் சுகமான சாமான் என்று சொல்ல மாட்டேன். வைத்த இடத்தை விட்டு அசைக்க முடியாத கனம். மாவை எடுக்க வேண்டுமானால் குழவியைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும், ஈரத்தில் வழுக்கும் கல். பிறகு குழிக்குள் கையை விட்டு வழித்தெடுக்க வேண்டும், கழுவிய தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிய வேண்டும். ஆட்டுகிற பாடு போய், எடுக்கிற பாடும் கழுவுகிற பாடும் மிச்சமிருந்தன. பின்னால் சாய்க்கிற கிரைண்டர் வந்தது. டிரம்மை அப்படியே சாய்த்தால் மாவு பாத்திரத்தில் விழும். அதற்கும் பின்னால் டேபிள் டாப் வந்தது. பெரிய குழவிக்குப் பதில் உருளைக் கல்லோ கூம்புக் கல்லோ, எவர்சில்வர் டிரம், தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவலாம். அரை எச்பி மோட்டார் இழுத்த வேலையை வீட்டளவுக்கு 150 வாட் மோட்டார் செய்தது.

கண்டுபிடிப்பு என்றால் முதல் ஆளைத்தான் நாம் பேசுகிறோம். சாய்க்கிற மாதிரி செய்தவரும், டிரம்மைக் கழற்றுகிற மாதிரி செய்தவரும் எனக்கு அதே அளவு பெரியவர்கள்தான். முதுகு வலிக்கிற ஒரு அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் அந்தத் திருத்தங்கள் வந்திருக்காது.

பிளேடு ஏன் போதவில்லை

அரைப்பதற்கு மேல்நாட்டில் பிளெண்டர் ஏற்கெனவே இருந்ததே, அதை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்கிப் பார்த்தார்கள். பழத்தையும் பாலையும் கலக்கச் செய்த சாமான் மஞ்சளையும் மிளகாயையும் ஊறவைத்த பருப்பையும் தாங்கவில்லை. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தன் மனைவியின் ஜெர்மன் மிக்ஸி பழுதாகி நின்றதைப் பார்த்து, இந்தியச் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரோடு 1963-ல் சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். சட்னிக்கும் பொடிக்கும் அது அம்மியை ஓரங்கட்டியது. அதுவும் சாதாரண மாற்றம் இல்லை.

ஆனால் இட்லி மாவு வேறு விஷயம். மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவுக்கு ஓடும். வெட்டும், சூடேறும். கிரைண்டரின் டிரம் அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட ஓடுவதில்லை. அது வெட்டாமல் நசுக்குகிறது. உளுந்தில் ஒரு வழவழப்பு இருக்கிறது. கல்லுக்கு நடுவில் மெதுவாக நசுங்கி, தெளிக்கிற தண்ணீரை வாங்கி வாங்கி அந்த வழவழப்பு வெளியே வரும். கூடவே காற்றும் மாவுக்குள் போகும். உளுந்து போட்ட அளவைவிடப் பல மடங்கு பொங்கி, டிரம்மில் வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் ஆட்டியது போதும்.

ராத்திரி முழுக்க மாவு புளிக்கும்போது, அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கிற லூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்புதான். மாவு சூடேறினால் இந்தக் காரியம் கெடும். “மாவு சூடு கண்டா இட்லி கல்லாயிரும் கண்ணு” என்று அம்மிச்சி சொல்வார். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டுகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பேச்சைத்தான் கேட்டு நடக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

ஆக, கிரைண்டரைச் செய்தவர் பழைய கல்லைத் தூக்கி எறியவில்லை. கல் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு, கல்லை வைத்துக்கொண்டு, பாடுபட்ட கையை மட்டும் விடுவித்தார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். புதுமை என்றாலே பழசை அழிப்பது என்று பேசுகிற காலத்தில் இது நல்ல பாடம்.

ஏன் கோயம்புத்தூர்

இது ஒரு தனி மனிதரின் மூளையில் மட்டும் உதித்த காரியமும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வந்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் பம்ப் செய்யக் கற்றார்கள். ஜி.டி. நாயுடு போன்றவர்கள் அந்த ஊருக்கே, எதையும் பிரித்துப் பார்த்துச் செய்துவிடலாம் என்ற துணிச்சலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் ஊத்துக்குளியில் நல்ல கருங்கல். கல் கொத்தத் தெரிந்த கைகளும் இருந்தன. மோட்டார், கல், கை மூன்றும் ஒரு நாள் சைக்கிள் தூரத்துக்குள் இருந்தால் கிரைண்டர் பிறக்கத்தானே செய்யும். 2005-06-ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மல்லிகைக்கும் பட்டுக்கும் கொடுப்பது போல ஒரு சமையலறை இயந்திரத்துக்குக் கொடுத்தது எனக்கு மிகப் பொருத்தமாகத் தெரிகிறது.

இங்கே இன்னொரு சமையலறை இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜூசெரோ என்ற நிறுவனம் 2016-ல் ஒரு ஜூஸ் இயந்திரம் விற்றது. விலை 699 டாலர். வைஃபை இணைப்பு உண்டு. நறுக்கிய பழமும் காயும் அடைத்த பாக்கெட்டை அந்த நிறுவனத்திடமே வாங்கி உள்ளே வைத்தால், பாக்கெட்டின் குறியீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிழிந்து கொடுக்கும். முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 12 கோடி டாலர் போட்டார்கள். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பாக்கெட்டை வெறும் கையால் பிழிந்து காட்டினார்கள். இயந்திரம் கொடுத்த அளவு ஜூஸ் கிட்டத்தட்ட அதே நேரத்தில் கையிலேயே வந்துவிட்டது. அந்த வருடம் செப்டம்பரில் கடையை மூடினார்கள்.

அதைச் செய்தவர்களும் திறமையான பொறியாளர்கள்தான். உள்ளே இருந்த பாகங்கள் உயர்தரம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். குறை வேறு இடத்தில் இருந்தது. அந்த இயந்திரம் வருவதற்கு முன்னால் யாருடைய தோளும் இறங்கியிருக்கவில்லை. கை செய்ய முடியாததையோ, செய்து செய்து ஓய்ந்துபோனதையோ அது எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு புதுச் சாமான் முக்கியமா என்று கேட்டால், அது வருவதற்கு முந்தின நாள் அந்த வேலையை யார் செய்துகொண்டிருந்தார்கள், அவர்கள் உடம்பு எப்படி இருந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

1955 முதல் 2011 வரை

கண்டுபிடித்த வருடம் 1955. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது 1955-ல் வந்துவிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வர 29 வருடம் ஆனது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்துக்கு வர இன்னும் 27 வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்தைப் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முதல் மாதிரி ஓடிய நாளையே பிறந்த நாளாக எழுதிவிடுகிறார்கள். கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு, அவள் வீட்டுத் திண்ணையில் அது வந்து இறங்கிய நாள்தான் பிறந்த நாள்.

இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஊருக்கு ஒன்றிரண்டு இடத்தில் ‘மாவு ஆட்டித் தரப்படும்’ என்று பலகை தொங்கும். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று ஆட்டி வர வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே தேவை எவ்வளவு என்று தெரியும்.

2011 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் கிரைண்டரைக் கையில் எடுத்தன. தி.மு.க. மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது. அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்து, அந்த வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் வழங்கத் தொடங்கினார். ஒன்றே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு என்று திட்டம். அதே 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியும் இலவசம். அரிசி இருந்தது, ஆட்ட இயந்திரம் இருந்தது. காலையில் கூழ் குடித்த வீடுகளில் இட்லி வேகத் தொடங்கியதற்கு இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்பும் சோளமும் தட்டிலிருந்து மறைந்ததற்கும் இதே இரண்டில் பங்கு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சர்க்கரை நோய் பெருகிய இந்தக் காலத்தில் அதை ஒரு இழப்பாகவே எழுதி வைக்கிறேன்.

கிரைண்டர் வந்து இறங்கிய நேரம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. மாவட்டங்களில் நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. பாதி உளுந்து ஆடியிருக்கும்போது போய்விட்டால் மாவு அப்படியே டிரம்மில் உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவில் கரண்ட் வருகிற நேரத்தைப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வந்தால், நான்கு மணிக்குத் தெரு முழுக்கக் கிரைண்டர் ஓடும். கம்பியில் வரும் மின்சாரம் இல்லாவிட்டால் கிரைண்டரும் வெறும் கல்தான் என்பது அந்த இரண்டு வருடத்தில் எல்லாருக்கும் புரிந்தது.

ஓட்டுக்கு லஞ்சம் என்று இந்தத் திட்டத்தைப் பலர் ஏசினார்கள். இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். ஆனாலும் இத்தகைய வாக்குறுதிகள் தேர்தலின் நேர்மையைப் பாதிக்கின்றன என்று கவலைப்பட்டு, நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது இன்று தேவையாகிவிட்டது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நம் வழக்குக்கு அந்த ஒரு வரி போதும்.

தொலைக்காட்சியையும் கிரைண்டரையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசியதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொலைக்காட்சி பொழுதை நிரப்பும் சாமான். கிரைண்டர் பொழுதைக் கொடுக்கும் சாமான். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு பெண்ணின் தோளிலிருந்து வருடத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் இறங்குகிறது. இதை இலவசம் என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடக் கூடாது.

அந்த மணி நேரங்கள் எங்கே போயின

இறங்கிய நேரம் அவளிடமே தங்கியதா? இதுதான் கடினமான கேள்வி.

ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் தன் நாட்டு வீடுகளைப் பற்றி ஒரு முடிவைச் சொன்னார். இயந்திரங்கள் வந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வீட்டு வேலை மறைந்தது. விறகு பிளப்பதும் தண்ணீர் சுமப்பதும் போயின. வேலைக்காரர்களும் போனார்கள். தாயின் வேலை நேரம் மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. துவைப்பது சுலபமானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. பண்டிகைக்கு ஆட்டிய மாவைத் தினமும் ஆட்ட ஆரம்பித்தோம். காலை இட்லி, ராத்திரி தோசை. “நேத்து மாவு புளிச்சிருச்சு, புதுசா ஆட்டலையா?” என்று கேட்கிற கணவர்கள் உருவானார்கள். ஆட்டுக்கல் காலத்தில் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வந்திருக்காது. வியர்வையை நேரில் பார்த்திருப்பார்கள். இயந்திரம் பாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது. மிச்சமிருந்த ஊறவைப்பது, களைவது, வழிப்பது, கழுவுவது எல்லாம் யார் கணக்கிலும் வரவில்லை. 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வருடம் எத்தனையோ வீட்டில் எத்தனையோ இயந்திரம் இருந்தது.

ஆட்டுவதற்கு வந்த அக்காவையும் இங்கே சொல்ல வேண்டும். கிரைண்டர் வந்த வீடுகள் ஒன்றொன்றாக அவரை நிறுத்தின. எங்கள் வீடும்தான். அவர் உடம்புக்கு அது நல்லது, அவர் வீட்டு அடுப்புக்கு நல்லதில்லை. அதற்கு யாரும் ஈடு செய்யவில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அம்மா, அரசு கொடுத்த டேபிள் டாப் கிரைண்டரில் தன் வீட்டுக்கு ஆட்டும்போதே பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கரண்டி கூட ஆட்ட ஆரம்பித்தார். அப்புறம் வாசலில் அட்டையில் எழுதி மாட்டினார்: ‘இட்லி மாவு கிடைக்கும்’. கிரைண்டர் தாங்காமல் பெல்ட் அறுந்தது. தெருமுனைக் கடையில் மாற்றினார்கள். கல் மழுங்கியது. கொத்துகிறவரை வரவழைத்துக் கொத்தினார்கள். மூன்றாவது வருடம் கடன் வாங்கிப் பெரிய சாய்வு கிரைண்டர் போட்டார். இப்போது மாலை ஐந்து மணிக்கு அந்த வாசலில் பாத்திரத்தோடு வரிசை நிற்கிறது. பெங்களூரில் 2005-ல் முஸ்தஃபாவும் அவர் உறவினர்களும் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் என்ற மாவு நிறுவனம் பெரிய அளவில் செய்ததை, நூற்றுக்கணக்கான வாசல்களில் பெண்கள் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வாங்கியவர் அதை வைத்து, விற்றவர் நினைக்காத ஒன்றைக் கட்ட முடிகிறதா என்பதும் எனக்கு ஒரு அளவுகோல். பிரித்துப் பார்க்க முடிவது, பெல்ட்டையும் கல்லையும் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிவது, அதிகாரம் வாங்குகிறவர் கையில் இருப்பது. ஜூசெரோ பாக்கெட்டை அந்த நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். கிரைண்டருக்குள் அரிசி போடலாம், உளுந்து போடலாம், கம்பு போடலாம். தேங்காயும் போடுகிறார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வழக்கில் என் தீர்ப்பு ஆம் என்பதுதான். கிரைண்டர் முக்கியமான கண்டுபிடிப்பு, நம் ஊர்ப் பெண்களின் உடம்பைப் பொறுத்தவரை கடந்த நூறு வருடத்தில் வந்த மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் அது தனியாக அந்த முக்கியத்துவத்தை அடையவில்லை. மின்கம்பி வேண்டியிருந்தது, சாய்க்கிற திருத்தம் வேண்டியிருந்தது, வாங்க முடியாதவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு அரசு வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வேலையைப் பங்கு போடுவதை மட்டும் எந்தப் பட்டறையும் செய்து தரவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். அம்மாவுக்குத் தோள் வலி. அவன்தான் மாவு ஆட்டினான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: “தண்ணியத் தெளி, ஊத்தாத. சத்தம் மாறுது பாரு, இப்பக் கொஞ்சம் எடுத்துத் தண்ணியில போடு.” அவன் போட்டான். மிதந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆட்டுக்கல் காலத்தில் எங்கள் வீட்டில் எந்த ஆணும் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கி, பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அவன் போனைப் பார்த்தபடி மாடிக்குப் போனான்.

கிரைண்டரைக் கழுவி வைத்தது அம்மா.